இந்த வீட்டில் சொல்லக் கூடாத சொல்

ஜூலை 7, ஞாயிறு

இந்த வீட்டில் ஒரு சொல்லைச் சொல்லக் கூடாதாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. எந்தப் பாத்திரம் கவுச்சிக்கு, எந்தக் கிழமை தலைக்குக் குளிக்கணும், வாசல் கதவை எந்தக் கையால் திறக்கணும் என்பதெல்லாம் சொன்னார்கள். இதை மட்டும் சொல்லவில்லை. நானாகப் போய் மிதித்து நானாகத் தெரிந்துகொள்ளணும் போலிருக்கிறது.

பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. காலையில் ஆதிரைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீரில் கை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கழுத்து மடிப்பில் விரல் போகவில்லை. இடப் பக்கம் மட்டும் அப்படி. தலை இடது தோளில் சாய்கிறது, முகம் வலப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. அம்மா வீட்டிலேயே கவனித்தேன். "பிள்ளைங்க அப்படித்தான் படுக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"அத்தை, இவ கழுத்தைப் பாருங்க. கோணலாவே இருக்கு" என்றேன்.

அத்தை கையிலிருந்த செம்பு தரையில் விழுந்து உருண்டது. விழுந்ததா போட்டாரா, தெரியாது.

"அந்தப் பேச்ச இந்த வீட்டுல பேசாத."

"எந்தப் பேச்சு?"

"இப்பச் சொன்னியே, அது."

"கோணலா?"

"திருப்பியும் சொல்றா பாரு! சொல்லாதங்கிறேன், வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு நிக்கிறா!"

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். வெந்நீர் ஆறிப்போனது. சோப்புக் கையோடு ஒற்றை ஆளாகப் பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. என் குழந்தையின் கழுத்தைப் பற்றிச் சொன்னேன். இவர்களுக்குச் சொல்லில் குற்றம், கழுத்தில் இல்லை.

ஜூலை 8

கிலுகிலுப்பையை இடப் பக்கம் ஆட்டினேன். கண் மட்டும் ஓரத்துக்குப் போய் நின்றது. கழுத்து கூடப் போகவில்லை. பிறகு அழுதாள். துணி துவைத்தேன். மறுபடி ஆட்டினேன். மறுபடி அழுதாள்.

ஜூலை 9

இவர் இன்று தாமதமாக வந்தார். வக்கீல் வீட்டு ஹாலில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை நடக்கிறது. சாப்பிடும்போது அதைப் பற்றியே பேச்சு.

"ஒரு நூல் ஏறி நிக்கிதும்மா. புதுப் பய ஒட்டியிருக்கான். வக்கீலு ஒண்ணும் தெரியலங்கிறாரு. நான் விடுவேனா? ரசமட்டத்த வச்சுக் காட்டி, மூணு வரிசையையும் பேத்து எடுக்கச் சொல்லிட்டேன்."

"நல்லதுப்பா. நாளைக்கு வாட்டம் சரியில்லைன்னு யாரும் பேசக் கூடாது" என்று அத்தை இன்னொரு தோசை போட்டார்.

"உங்க மகளையும் கொஞ்சம் பாருங்க. கழுத்து ஒரு பக்கமாவே நிக்குது" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நேராத்தான இருக்கு?"

அரிசி மணி தடிமன் ஏறிய கல் தெரிகிறது. பெற்ற பிள்ளையின் கழுத்து தெரியவில்லை.

இவர் எதையும் அப்படித் தலை சாய்த்துத்தான் பார்ப்பார், கேட்பார். பெண் பார்க்க வந்த அன்று நான் எம்.ஏ. தமிழ் படித்ததையும், பள்ளிக்கூட வேலையை விட மாட்டேன் என்பதையும் சொன்னபோது அப்படித்தான் தலையைச் சாய்த்துக் கேட்டார். அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகத்தான் சரி என்றேன். இன்று அதே சாய்ப்போடு கேட்டுவிட்டு, டி.வி.யைப் போடப் போய்விட்டார்.

ஜூலை 10, புதன்

தடுப்பூசி. அத்தையும் வந்தார். ஊசி போடுவதற்கு முன்பே ஆஸ்பத்திரி டாக்டர் பெண் ஆதிரையின் கழுத்தைப் பார்த்துவிட்டார். என்னைவிடச் சின்னப் பெண்ணாக இருப்பார். என் விரலைப் பிடித்துக் குழந்தையின் கழுத்தில் வைத்தார். தோலுக்குள் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

"இந்தத் தசை இறுகிப் போயிருக்கும்மா. பிறந்தப்பவே இருந்திருக்கும். இப்பவே பயிற்சி ஆரம்பிச்சா பெரும்பாலும் சரியாயிரும். அப்படியே விட்டா வளர வளர முகமும் ஒரு பக்கமா இழுத்துக்கும். கண்ணு ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு ஆயிரும். பிறகு ஆபரேஷன் வரைக்கும் போகணும்."

மதுரையில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார். தள்ளிப்போடாதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னவர், பிறகு அத்தையைப் பார்த்தும் சொன்னார். அத்தை சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"உரம் விழுந்திருக்கு. கழுத்துல சுளுக்கு, வேற ஒண்ணுமில்ல. நீ தூக்கத் தெரியாமத் தூக்கி உரம் விழுந்திருக்கு. பிள்ளையத் தூக்குனா கழுத்துக்குக் கை குடுத்துத் தூக்கணும். பானையத் தூக்குற மாதிரி தூக்குனா?"

"பிறந்தப்பவே இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாங்களே அத்தை."

"அந்த டாக்டர் பிள்ள உங்க வீட்டுல வந்து நீ தூக்குனதப் பாத்துச்சாக்கும்?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் கை ஆதிரையின் கழுத்துக்குக் கீழேதான் இருந்தது. பிறந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. உறங்கும்போதுகூட அங்கேதான். இருந்தாலும் வீடு வந்து சேரும்வரை ஒருவேளை, ஒருவேளை என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தூக்கினேனே, அப்போதா? அக்கா மகன் கையில் கொடுத்தேனே, அப்போதா? அத்தையின் மேல் வருகிற கோபத்தைவிட, அவர் சொன்னதை நம்பப் பார்த்த என் மேல்தான் அதிகக் கோபம்.

ஜூலை 11

அம்மாவுக்குப் போன் செய்தேன். "மாமியா சொல்றதக் கேட்டுக்கோடி. அவுக பெரியவுக. எதுக்கும் ஒரு தடவ சேலையில போட்டு உருட்டி உரம் எடுத்துத்தான் பாரேன்" என்கிறாள். போனை வைத்துவிட்டுப் பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டேன். ஒன்று உருகிவிட்டது.

ஜூலை 12

படித்த படிப்புக்கு ஒரு வேலை கொடுக்கலாமே என்று இன்று அகராதியை எடுத்தேன். கோணல்: வளைவு, நேராக இல்லாமை, ஒரு பக்கம் சாய்ந்திருத்தல், ஒழுங்கு தவறியது. இவ்வளவுதான். இதில் எங்கே விஷம் இருக்கிறது?

எங்கள் ஊரில் இந்தச் சொல் சும்மா கிடக்கும். வகிடு கோணல். கோடு கோணல். கோலம் கோணல். கொடியில் காயப்போட்ட வேட்டி கோணல். பள்ளிக்கூடத்தில் நானே எத்தனை பிள்ளைகளின் கட்டுரையில் எழுதியிருப்பேன், எழுத்து கோணல் என்று. யாரும் செத்துப்போகவில்லை.

இந்த வீட்டில் இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று காலையிலிருந்து காது கொடுத்துக் கேட்டேன். சாமி படம் சாய்ந்து தொங்கினால் "ஒரு மாதிரி நிக்கிது". கதவு சரியாகச் சாத்தாவிட்டால் "இழுக்குது". தரை சரியில்லாவிட்டால் "வாட்டம் ஓடுது". பக்கத்து வீட்டுப் பிச்சம்மா அக்காவின் பைக் ஸ்டாண்டு வளைந்ததற்கு, "அங்கிட்டுக் கொஞ்சம் போகுது". கட்டட வேலை செய்கிற குடும்பம். சுவரும் தரையும் நேராக நிற்பதில்தான் இவர்களுக்குச் சோறு. நேராக இல்லாததற்கு மட்டும் நேரான சொல் கிடையாது.

"ஏன் அத்தை, அந்த வார்த்தையைச் சொன்னா என்ன ஆகும்?" என்று மத்தியானம் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"கீரைய ஆஞ்சு முடி" என்றார்.

மதுரைக்கு எப்போது போகலாம் என்று இவரிடம் கேட்டேன். "ஆடி முடியட்டும், பாப்போம்" என்றார். ஆடி இன்னும் பிறக்கவே இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆதிரை தூங்கட்டும் என்று இவ்வளவு நேரம் எழுதாமல் இருந்தேன். தூங்கவில்லை. பரவாயில்லை.

காலையில் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். ஹாலில் அத்தை ஒரு பக்கம், பிச்சம்மா அக்கா ஒரு பக்கம். நடுவில் சேலை. சேலைக்குள் என் பிள்ளை. இந்த முனையைத் தூக்கினால் அந்தப் பக்கம் உருளுகிறாள், அந்த முனையைத் தூக்கினால் இந்தப் பக்கம் உருளுகிறாள். ஒவ்வொரு தடவையும் தலை பின்னால் போய்த் துணியில் மோதுகிறது.

ஆதிரை சிரித்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு என்ன தெரியும்?

பாய்ந்து வாரி எடுத்துக்கொண்டேன்.

"ஏத்தா, பிள்ள சிரிக்கத்தான செய்றா? உரம் எடுக்கையில நடுவுல புடுங்கக் கூடாது" என்றார் பிச்சம்மா அக்கா.

"உங்க பேரனைப் போட்டு உருட்டுங்க, போங்க!"

பெரியவர்களிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. பிச்சம்மா அக்கா சேலையைக் கீழே விட்டுவிட்டு, "நமக்கெதுக்கு மதினி இந்த வம்பு" என்று செருப்பைத் தேடினார்.

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னமோ பிள்ளையக் கொல்லப் போனதாட்டம் கத்துற! இவனையும் இப்பிடித்தான் உருட்டுனேன். நான் பெத்த பிள்ளைய நான் உருட்டலயா? சரியாப் போகலயா? இந்தா நிக்கிறான்ல, பாரு!"

நான் திரும்பிப் பார்த்தேன். சத்தம் கேட்டு இவர் வாசலில் வந்து நின்றார்.

பார்த்தேன். முதல் தடவையாகப் பார்த்தேன் என்றுதான் எழுத வேண்டும். இடது தோள் தூக்கி நிற்கிறது. காது அந்தத் தோளை நோக்கிச் சரிந்திருக்கிறது. தாடை வலப் பக்கம் திரும்பியிருக்கிறது. இடது கண் மற்றதைவிடக் கீழே. அந்த டாக்டர் சொன்னது ஒன்றுவிடாமல், மீசை வைத்து, சட்டை போட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தது.

சரியாகப் போகவில்லை. ஒருநாளும் சரியாகப் போகவில்லை. இவர்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். பேரைச் சொல்லாமல் விட்டால் இல்லாமல் போய்விடும் என்று ஒரு வீடே சேர்ந்து நம்பியிருக்கிறது. நானும் இந்த வீட்டில்தானே இருந்தேன்? பணிவாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

இவர் என் கண்ணைப் பார்த்தார். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 15

கல்யாண ஆல்பத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் இவர் பக்கவாட்டில் நிற்கிறார். "சார், தலைய நேரா வைங்க சார்" என்று போட்டோக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னதும், அத்தை அவரிடம் "எடுக்குறத எடுப்பா" என்று எரிந்து விழுந்ததும் ஞாபகம் வருகிறது. பெண் வீட்டார் முன்னால் கண்டிப்பைக் காட்டுகிறார் என்று அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஜூலை 16

மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான். இப்போதெல்லாம் நான் அவளைக் கீழே விடுவதில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றேன். பொய். எனக்குத் தெரியாது.

வெகு நேரம் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொட்டிக்குள் பார்த்தபடியே பேசினார்.

"பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே அதான். மாரிக்கண்ணன்னு வாத்தியாருக்குக்கூடத் தெரியாது. கோணக்கழுத்தான் வந்துட்டானா, கோணக்கழுத்தான் லீவா, இப்பிடித்தான். அழுதுக்கிட்டு வந்தேன். அம்மா பள்ளிக்கூடத்துக்கே போயி, ஒரு பயலப் பிடிச்சு வெளக்குமாத்தால அடிச்சிருச்சு. அன்னைலருந்து அந்த வார்த்தைய வீட்டுக்குள்ள விட்டதில்ல. எங்கப்பா இருந்தவரைக்கும், சைட்ல ஒரு கொத்தனாரு வாய் தவறிச் சொல்லிட்டா அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிருவாரு."

"சரி. உங்களை அப்படிக் கூப்பிட்டது தப்பு. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"என் பிள்ளைய அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாத."

"நான் பேரு வைக்கலைங்க. கழுத்து கோணலா இருக்குன்னு சொல்றேன். இப்பச் சொன்னா வைத்தியம். இப்பச் சொல்லலைன்னா நாளைக்கு ஊரே அதைப் பேரா வைக்கும். உங்களுக்கு வச்ச மாதிரி."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. சொல்லிவிட்டேன். இவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். தொட்டி எப்போதோ சுத்தமாகிவிட்டது.

ஜூலை 18

தனியாக மதுரை போய் வந்தேன். பையில் மாற்றுத் துணி, டயப்பர், பால் புட்டி, டாக்டர் சீட்டு. கிளம்பும்போது அத்தை வாசலில் நின்று, "அப்பிடியே உங்க அம்மா வீட்டுக்கும் போயிட்டு வா" என்றார். திரும்பி வர வேண்டாம் என்று அர்த்தம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் ஒரு அம்மா ஆதிரையைக் கொஞ்சிவிட்டு, "என்னம்மா, கழுத்து கோணிக்கிட்டு இருக்கு? காட்டுனியா?" என்று கேட்டார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. முகம் தெரியாத ஒரு மனுஷி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு, கூடவே "காட்டுனியா" என்றும் கேட்கிறார். இவ்வளவு சுலபமாக இருக்க வேண்டிய விஷயம் இது.

பிசியோதெரபிஸ்ட் ஜெனோவா மேடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "பிள்ளை கத்தும். நீங்க கையை எடுத்தீங்கன்னா அன்னைக்குப் பயிற்சி வீண். ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தோளை அசையாம அமுக்கிப் பிடிக்கணும். இன்னொருத்தர் தலையைத் திருப்பி அப்படியே நிறுத்தணும். ஒவ்வொரு தடவை பால் கொடுக்குறதுக்கு முன்னாடியும் செய்யணும்."

அவர் உதவியாளர் தோளைப் பிடிக்க, நான் தலையைத் திருப்பினேன். ஆதிரை கத்திய கத்தலில் எனக்குப் பால் கசிந்து ரவிக்கை நனைந்துவிட்டது.

"வீட்டுல யார் பிடிப்பாங்க?" என்று கேட்டார் மேடம்.

"இருக்காங்க" என்றேன்.

ஜூலை 20

யாரும் இல்லை.

தோளின் மேல் என் முழங்கையை வைத்துப் பார்த்தேன். நழுவுகிறது. தலையணையை அண்டக் கொடுத்தேன், உதைத்துத் தள்ளுகிறாள். துண்டில் சுற்றினேன், மூச்சு முட்டுமோ என்று பயந்து அவிழ்த்துவிட்டேன். என் தலைக்கு மேல் டி.வி. ஓடுகிறது. அத்தை சத்தத்தை ஏற்றினார். ஆதிரை இன்னும் சத்தமாக அழுதாள். அத்தை இன்னும் ஏற்றினார்.

இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். "கொஞ்சம் தோளைப் பிடிங்க" என்றேன். உட்கார்ந்தார். பிடித்தார். அவள் முதல் கத்தல் கத்தியதும் தீயைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்துவிட்டார். "என்னால முடியல கோகிலா. எனக்கு என்னமோ பண்ணுது."

எனக்கு மட்டும் ஒன்றும் பண்ணவில்லையா? நான் என்ன கல்லா?

எழுந்து நின்றேன். டி.வி.யை அணைத்தேன். வீட்டின் நடுவில் நின்று சொன்னேன். சொல்லவில்லை, கத்தினேன்.

"கோணல்! என் பிள்ளை கழுத்து கோணல்! அவ அப்பா கழுத்து கோணல்! சாமி படம் கோணல்! இந்த வீடே கோணல்! போதுமா? எல்லாருக்கும் காது கேட்டுச்சா?"

இவர் தட்டைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அத்தை அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 21

நேற்றுச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஜூலை 22

இவர் இரண்டாவது நாளாக வீட்டில் சாப்பிடவில்லை. சைட்டில் சாப்பிட்டுக்கொள்கிறாராம். நான் வருத்தப்படவில்லை. சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஜூலை 23

ஒரு பிள்ளைக்கு அப்பாவான பிறகும் யாராவது இவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத்தான் வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். வருத்தமில்லை. சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். இவர் சட்டை எல்லாவற்றிலும் இடது தோள் தையல் ஒரு விரல் அளவு ஏற்றித் தைத்திருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

மதுரைக்கு இவரும் வந்தார். நான் கூப்பிடவில்லை. காலையில் பைக்கை எடுக்காமல் வாசலில் நின்றார். "பஸ்ஸா, ரயிலா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.  வழியெல்லாம் பிள்ளையை இவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜெனோவா மேடத்துக்கு இவரைப் பார்த்ததும் சந்தோஷம். "அப்பா வந்தாச்சா? நல்லதாப் போச்சு. பிள்ளைக்கு விளையாட்டு மாதிரியும் பண்ணலாம் சார். அவ இடப் பக்கம், அவளை மாதிரியே முன்னால பார்த்து உட்காருங்க. அவளைக் கூப்பிட்டுட்டு நீங்க மெதுவா உங்க இடப் பக்கம் திரும்புங்க. உங்க முகம் போற பக்கம் அவ முகமும் வரும்."

இவர் உட்கார்ந்தார். ஆதிரை அவரையே பார்த்தாள். இவர் திரும்பினார். கொஞ்சம் திரும்பினார். அதோடு கழுத்து நின்றுவிட்டது. இன்னும் திரும்புவதற்காக உடம்பையே வளைத்தார்.

"உடம்பு வேணாம் சார். கழுத்தை மட்டும்."

கழுத்து வரவில்லை. நெற்றியில் வியர்வை தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தையின் அப்பா அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் இவர் தோளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்: "உங்களுக்குக் கழுத்துல என்ன சார்?"

 இது இவர் சொல்ல வேண்டியது.

"நேத்துத் தூங்கையில பிடிச்சுக்கிருச்சு மேடம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே எழுந்து போயிருப்பேன். பிள்ளை கையில் இருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருமங்கலம் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் சின்னப் பிள்ளையில இப்பிடிப் பண்ணியிருந்தா கழுத்து நேரா வந்திருக்குமா?"

"மேடத்துக்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"உன்கிட்ட கேக்குறேன்."

"வந்திருக்கும்" என்றேன். ஆறுதலாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அதற்கப்புறம் விருதுநகர் வரைக்கும் ஆதிரையின் கழுத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

ஜூலை 27, சனி

காலையில் பாலுக்கு முன்னால் ஹாலில் பாயை விரித்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்பே இவர் வந்து உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் போகிற சட்டையோடு. இரண்டு கையாலும் தோளைப் பிடித்தார். சிமெண்டில் ஊறிய தடித்த விரல்கள், ஆனால் நடுங்கவில்லை. நான் தலையைத் திருப்பினேன். ஆதிரை கத்த ஆரம்பித்தாள்.

"இன்னும் கொஞ்சம் வரணும். நாடி தோளுக்கு நேரா வரல" என்றார் இவர். இத்தனை நாளாக இந்தக் கண் எங்கே போயிருந்தது?

அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

"விடுடா! பிள்ள துடிக்கிது. விடுங்கிறேன்ல! நீயுமா அவ கூடச் சேந்துக்கிட்ட?"

இவர் விடவில்லை.

"மாரி! பிள்ள மொகம் நீலமாப் போகுது பாரு! கைய எடுடா!"

"எடுக்க மாட்டேம்மா. அன்னைக்கு நீ கைய எடுத்ததாலதான் நான் கோணலா நிக்கிறேன்."

இருபத்தெட்டு வருஷமாக அத்தை முன்னால் இவர்கள் ஒருவரும் சொல்லாத சொல், இவர் வாயிலிருந்தே வந்தது. சத்தமில்லாமல், உப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாக வந்தது.

நான் நினைத்தது நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"எனக்கு யாருடா சொன்னா?" என்றார். "உருட்டுனாச் சரியாப் போகும்னாக. உருட்டுனேன். மூணு நாளு உருட்டுனேன். பொறகு உங்க அப்பத்தா சரியாப் போச்சுன்னுச்சு. சரியாப் போச்சுன்னு நானும் சொன்னேன். பிடிச்சுக்கிட்டே இருக்கணும்னு எனக்கு ஒரு நாயும் சொல்லலயேடா."

இவர் கை தளர்வதை உணர்ந்தேன். கண் கலங்கி அம்மா பக்கம் திரும்பப் பார்த்தார். அந்தப் பக்கம் இவரால் திரும்ப முடியாது. உடம்போடுதான் திரும்ப வேண்டும், திரும்பினால் பிடி போய்விடும்.

அவர்கள் இருவர் மேலும் எனக்கு இரக்கம் வந்ததாக எழுதலாம். வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. அத்தையிடம் அன்றைக்குச் சொல்லாத ஒவ்வொருவர் மேலும், சரியாகப் போச்சு என்று சொல்லிவிட்டுப் போன அந்த அப்பத்தா மேலும், இப்போது இந்த நேரம் பார்த்து அழ ஆரம்பித்த இந்த இருவர் மேலும். அழுவதற்கு எனக்கு மட்டும் நேரமே கிடைப்பதில்லை. என் உள்ளங்கையில் ஒரு சின்னத் தலை இருந்தது. புளியங்கொட்டை மாதிரி அந்த இறுக்கம் என் விரலுக்குக் கீழே, இளக மாட்டேன் இளக மாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருந்தது.

"அப்புறம் அழுங்க" என்றேன். "இப்ப விடாதீங்க."